அந்தோணிக்கு நன்னடத்தைச் சான்று

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஜீவரத்தினம் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு மனையில் ஓர் ஒதியமரம் நின்றது. ஒதியமரத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. விறகுக்கு ஆகாது, கதவுக்கு ஆகாது, ஒரு கிளையை ஒடித்து வேலியில் நட்டால் தழைக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மரத்தின் மேல் அரசாங்கத்தின் பார்வை எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் விழுந்தது. அதற்கு முன்னால் ஜீவரத்தினம் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய கஷ்டம் அதுவரை வெறும் கஷ்டமாக இருந்தது, அரசாங்க விவகாரமாக ஆகியிருக்கவில்லை.

கஷ்டம் இதுதான். ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து அவர் ஓய்வு பெற்ற கையோடு மனைவி செல்வமேரிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவர்கள் குடியிருந்தது மேற்குத் தாம்பரத்தில், தாயாரம்மாள் வீட்டு மாடியில். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப்போட ஒரு பால்கனி, கைப்பிடி இல்லாத வெளிப்படிக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கீழே சைக்கிள் கடையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, செல்வமேரியை நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். தெருவே நின்று பார்க்கும். அவள் இடது கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

தரையில் தினமும் நடக்க வைத்தால் கால் திரும்பும், மாடியிலேயே படுத்துக் கிடந்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜீவரத்தினம் கீழ்வீடு தேடித் தாம்பரம் முழுக்க அலைந்தார். படுக்கையில் கிடக்கும் ஆளுக்கு யார் வீடு விடுகிறார்கள்? ஆகவே சொந்த மனையில், படியே வைக்காமல், வாசலைத் தாண்டினால் மண்ணில் கால் படுகிற மாதிரி ஒரு சின்ன வீடு கட்டிவிடுவது என்று தீர்மானித்தார். அவருக்கு வேறு ஆசை எதுவும் பாக்கியில்லை.

கடக்கால் தோண்ட மேஸ்திரியோடு போன அன்று மரத்தடியில் ஒரு புதுப் பலகை நட்டிருந்தது. 'இது ஒரு மூலமாதிரி இடம். இங்குள்ள மரம், இலை, மண், நிழல் ஆகியவற்றைத் தொடுவது தண்டனைக்குரியது. இப்படிக்கு, அகில இந்தியச் சிறுபூச்சி வகைப்பாட்டு ஆணையம், தென்மண்டலம், தாம்பரம்.'

மேஸ்திரி பலகையை ஒரு தடவை படித்தார். பிறகு மரத்தைச் சுற்றிவந்து இன்னொரு தடவை படித்தார்.

"நெழல தொடாம எப்டி சார் கடக்கால் எட்கறது? பன்னண்டு மணிக்கு மட்டும் தோண்டலாம்னா சொல்லு, ஆளுங்கள வரச் சொல்றேன்."

ஆணையத்தின் அலுவலகத்தில் அரிகிருஷ்ணன் என்ற இளம் உதவி விஞ்ஞானி அகப்பட்டார். ஏரிக்கரையில் நடந்துபோகும்போது பூச்சியைப் பார்த்தவர் அவர்தான். அவர் அதைச் சொல்லும்போதே குற்றவாளி மாதிரி இருந்தார். கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். அரிசியைவிடச் சற்றே பெரியது, செங்கல் நிறம், நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட கழுத்து. இந்த மூக்கு வண்டு இளந்தளிரைப் பாதிவரை வெட்டி, பீடா மடிப்பதுபோலச் சுருட்டி, உள்ளே ஒரே ஒரு முட்டை வைக்குமாம். சுருள் காய்ந்து கீழே விழும். உள்ளே பொரிக்கும் புழு அந்த இலையையே தின்று வளர்ந்து வண்டாக வெளியே வரும்.

"உலகத்துல யாரும் இதுவரைக்கும் பாக்காத இனம் சார். ஒரு இனம் முதல்ல கிடைச்ச இடத்தத்தான் மூலமாதிரி இடம்னு சொல்வோம். பேர் வெச்சு, விவரிச்சு எழுதி, பத்திரிகைல வந்துட்டா போதும். உங்களுக்குத் தடையில்லாச் சான்று குடுத்துருவாங்க."

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும் தம்பி?"

அரிகிருஷ்ணன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஒரு குளத்துக் கொசுவுக்குப் பேர் வெச்சோம் சார்."

"ஆச்சா?"

"பேர் ஆச்சு சார். அதுக்குள்ள குளத்த மூடி பஸ் ஸ்டாண்டு கட்டிட்டாங்க."

மண்டல இயக்குநர் டாக்டர் ஏகநாதனின் அறை குளுகுளுவென்றிருந்தது. பூச்சி எதுவும் உள்ளே வந்துவிடாதபடி ஜன்னல்களுக்கு வலை அடித்திருந்தார்கள். ஜீவரத்தினம் மனைவியின் நிலைமையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு மிஸ்டர் ஜீவரத்தினம். ஆனா கணக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. இந்த நாட்டுல மனுஷங்க எண்பது கோடி. அதுல கை கால் விழுந்தவங்க மட்டும் பல லட்சம். உங்க மிஸஸ் அதுல ஒருத்தர். இந்தப் பூச்சி உலகத்துலயே உங்க மரத்துல மட்டும்தான் இருக்கு. இப்ப நீங்களே சொல்லுங்க, யாருக்கு முன்னுரிமை?"

"பூச்சிக்குங்களா சார்?"

"பூச்சிக்கு இல்ல. விஞ்ஞானத்துக்கு."

ஜீவரத்தினம் தயங்கிக் கேட்டார். "நீங்க அதப் பாத்தீங்களா சார்? பாக்க அழகாத்தான் இருக்கு."

"பாக்கறது கீழ்மட்டத்துல நடக்கற வேலை. ஃபைல் மேல வரும்போது பூச்சியும் கூடவே மேல வரும். அப்ப பாத்துக்கறேன்."

ஃபைல் மேலே வரவில்லை. பங்குனி மாதம் ஆய்வுக்குழு ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. ஒதியமரம் கோடையில் இலையை முழுவதும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் மரம். அந்த வருஷமும் அப்படியே நின்றது. குழு மரத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் ஜீவரத்தினத்துக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'தங்கள் பொறுப்பில் உள்ள மரம் முன்னனுமதி பெறாமல் இலைகளை உதிர்த்துள்ளது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கூறவும்.'

ஜீவரத்தினம் முப்பது வருஷம் அரசாங்கத்துக்குப் பதில் எழுதிப் பழகியவர். கோடையில் இலை உதிர்ப்பது ஒதியமரத்தின் வழக்கம் என்று எழுதினார். அரிகிருஷ்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "இனி இவ்வாறு நடவாமல் பார்த்துக்கொள்கிறேன்னு ஒரு வரி சேத்துருங்க சார்" என்றார். சேர்த்தார். அந்த வரியை ஆணையம் ஏற்றுக்கொண்டது. முதல் வரிக்கு மட்டும் ஆதாரம் கேட்டது.

ஆனியில் மரம் மறுபடி துளிர்த்தது. வண்டுகள் வந்தன. ஆணையத்தின் அடுத்த அறிவிப்பும் வந்தது. கிடைத்தது பெண் வண்டு மட்டும்தான், ஆண் இல்லாத விவரிப்பு பாதி விவரிப்பு, ஆண் கிடைக்கும்வரை ஃபைல் நகராது. அப்படியென்றால் யாராவது போய்ப் பிடித்துவரலாமே என்று ஜீவரத்தினம் கேட்டார். தாம்பரத்திலிருந்து சிட்லபாக்கம் எட்டு கிலோமீட்டருக்குள் இருந்தது. எட்டு கிலோமீட்டருக்குள் பயணப்படி கிடையாது. பயணப்படி இல்லாத இடத்துக்கு விஞ்ஞானம் போகாது. அஸ்ஸாமில் அந்த வண்டு இருந்திருந்தால் அந்த வாரமே ஒரு குழு கிளம்பியிருக்கும்.

ஆகவே ரயில்வே பார்சல் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஜீவரத்தினம், தன் அறுபதாவது வயதில், ஆண் வண்டு தேடக் கிளம்பினார். அரிகிருஷ்ணன் வாய்மொழியாக அனுமதி கொடுத்து, கழுத்து அதிகம் நீண்டிருந்தால் ஆண் என்று அடையாளமும் சொன்னார். ஜீவரத்தினம் மரத்தடியில் விழுந்து கிடந்த சுருள்களைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, வாய்க்கு மெல்லிய துணி கட்டி, செல்வமேரியின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். தளிருக்கு ஒவ்வொரு தடவையும் சிட்லபாக்கம் போக முடியாதென்று ஒரு கிளையை ஒடித்துப் பால்கனியில் மண் டின்னில் நட்டார். அது தழைத்தது.

செல்வமேரி நாள் முழுக்க பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தொலைந்த பொருளைத் தேடித் தரும் அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள். தொலைந்தது ஒரு வண்டின் புருஷன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள். ஒரு மத்தியானம் ஜீவரத்தினம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதில் அவள் பேச்சு கொஞ்சம் வழுக்கும்.

"என்னங்க, இங்க வாங்களேன். ஒருத்தன் கழுத்த நீட்டிக்கிட்டு எட்டிப் பாக்கறான்."

அவர் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்து பார்த்தார். கழுத்து நீளம்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கவாதம் வந்த பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காக மட்டும் நான் இந்த வண்டை மன்னிக்கிறேன். ஆணையத்தை மன்னிப்பதாக இல்லை.

அந்த ஆண் வண்டை அரிகிருஷ்ணன் நன்றி சொல்லி வாங்கிப்போய் ஊசியில் குத்தினார். ஊசியில் குத்துவார்கள் என்று யாரும் செல்வமேரியிடம் சொல்லியிருக்கவில்லை. தெரிந்ததும், அடுத்து வெளியே வந்த ஆண் வண்டை அவள் கொடுக்கவில்லை. அவனுக்கு அந்தோணி என்று பேர் வைத்தாள். ஆணையம் பேரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே தாம்பரத்தில் அந்தக் காரியம் முடிந்துவிட்டது.

ஆணையத்தில் பெயர் சூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எந்தப் பூச்சி கிடைத்தாலும் அதிகாரிகளின் பெயரைப் பணிமூப்புப்படி வைக்க வேண்டும். இப்போது வரிசையில் நின்றது டாக்டர் ஏகநாதன். அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு கோழிப்பேனும் ஒரு சாண ஈயும் இருந்தன. இந்தத் தடவைதான் மனைவியிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று வந்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல். மூக்கு வண்டுகளில் நிறைய பயிரைக் கெடுப்பவை. அதிகாரியின் பெயரைத் தாங்கப்போகும் ஜீவன் களங்கமில்லாதது என்பதற்குச் சான்று வேண்டும் என்று கண்காணிப்புப் பிரிவு எழுதிவிட்டது. சான்றை மனைதாரர்தான் கொண்டுவர வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் முதலில் சிரித்தார். ஜீவரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"அப்பா பேரு?"

"தெரியாதுங்க."

"பொறந்தது இங்கதானே?"

"இங்கதாங்க. ஒதியமரத்துல."

அவருக்குக் கைவந்த நடையிலேயே எழுதிக் கொடுத்தார். 'மேற்படி வண்டை எனக்குக் கடந்த மூன்று ஆண்டுகளாக நேரில் தெரியும். இது எந்த அரசியல் கட்சியையும் சேர்ந்ததல்ல. இதன் மீது குற்ற வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை. நானறிந்தவரை இதன் நடத்தை நன்று.'

ஜீவரத்தினம் அதை மாடியில் வாசித்துக் காட்டினார். "அந்தோணி நல்லவன்தாங்க" என்றாள் செல்வமேரி. பிறகு, "காலு மெலிஞ்சுபோச்சு, பாத்தீங்களா" என்றாள். போர்வையை விலக்கிப் பார்த்தார். கெண்டைக்கால் சதை சூம்பி, எலும்பின் மேல் தோல் தொங்கியது. பார்க்கவே பயமாக இருந்தது. விரலைக் கிள்ளினார்.

"வலிக்குதா?"

"கிள்ளுனீங்களா?"

அவர் மறுநாள் காலையிலேயே சான்றை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்கு ஓடினார்.

பெயர் சூட்டு விழா மனையிலேயே நடக்கும் என்று முடிவாயிற்று. அதுதான் கடைசிக் கட்டம், விழா முடிந்த கையோடு தடையில்லாச் சான்று என்று டாக்டர் ஏகநாதனே வாய்விட்டுச் சொன்னார். ஜீவரத்தினம் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார். விழாவுக்கு முந்தின நாள், இடம் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஏரிக்கரைக்குப் போனார்.

மனை பளிச்சென்றிருந்தது. ஆணையத்தின் முன்னேற்பாட்டுக் குழு ஆள் வைத்துக் கூட்டியிருந்தது. மரத்தடியில் கிடந்த சுருள்கள் எல்லாம் குவியலாக ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தன. மரத்தின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டிருந்தார்கள். முதுகில் டிரம் கட்டிய ஒருவர் கிளைகளுக்கு மருந்து பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னப்பா பண்றீங்க? அந்த சுருளுக்குள்ளதான் எல்லாம் இருக்கு!"

"குப்ப சார் அது. பெரிய ஆபீசருங்கோ வராங்கோ, பூச்சி கீச்சி கட்ச்சிட்டா யார் சார் பதில் சொல்றது?"

ஜீவரத்தினம் வெறுங்கையால் நெருப்பைக் கிளறினார். கை சுட்டதுதான் மிச்சம். தாமதமாக வந்து சேர்ந்த அரிகிருஷ்ணன் மரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஷாமியானாவுக்குக் கீழே டாக்டர் ஏகநாதன் பேசினார். மாலையைக் கழற்றவில்லை.

"சகோதர சகோதரிகளே, இன்றைய தினம் என் பெயர் ஒரு வண்டுக்குச் சூட்டப்படுகிறது. இந்த வண்டை நான் நேரில் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் முடியாது என்று அறிகிறேன். அதனால் என்ன? விஞ்ஞானம் என்பது பார்ப்பது அல்ல, பதிவு செய்வது. ஒரு உயிர் இருக்கலாம், போகலாம். பதிவு நிற்கும். இந்த இடத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஒரு பூச்சிகூட இல்லை. முன்னேற்பாட்டுக் குழுவுக்கு என் பாராட்டுகள்."

கை தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் ஜீவரத்தினம் அவரைப் பிடித்தார். "சார், அந்தச் சான்று..."

"அதுல ஒரு சின்ன மாற்றம் ஆயிருச்சு மிஸ்டர் ஜீவரத்தினம். இனம் உயிரோட இருந்தா ஒருநாள் இல்ல ஒருநாள் இடத்த விடுவிக்கலாம். இப்ப அது அழிஞ்சுபோச்சு. அழிஞ்ச இனத்தோட ஒரே இடம் இதுதான். அதனால நிரந்தரப் பாதுகாப்பு."

"அழிச்சது நீங்க சார்."

"அது யாருன்னு விசாரிக்க ஒரு குழு போடறோம். மனையை நீங்க சரியா பாத்துக்கலன்னு ஒரு பேச்சு இருக்கு. ஆனா நான் உங்க பக்கம்."

அன்றைக்கு ஜீவரத்தினம் ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்குப் போய் மேரியிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மேஸ்திரி சற்றுத் தள்ளி நின்றுவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அரிகிருஷ்ணன் மன்னிப்புக் கேட்க மாடியேறி வந்தார். ஜன்னலில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் வந்த காரியம் மறந்துபோயிற்று.

"சார், இது உயிரோட இருக்கு!"

"அது அந்தோணி" என்றாள் செல்வமேரி. "பக்கத்துல இருக்கறது அவன் சம்சாரம்."

அரிகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. "சார், வேற ஒரு இடத்துல உயிரோட இருந்தா, மனை ஒரே இடம் கிடையாது. ரூல் அப்படித்தான் சொல்லுது. மனையை விட்டே ஆகணும்."

ஜீவரத்தினம் அன்றைக்கே மனு கொடுத்தார். ஐப்பசி பிறந்ததும் குழு வந்தது. டாக்டர் ஏகநாதன் முதல் தடவையாகப் பூச்சி இருக்கும் இடத்துக்கே நேரில் வந்தார். சாமான்களோடு இத்தனை பேர் படியேறுவதைப் பார்த்துத் தாயாரம்மாள் கீழே நின்று கத்தினாள்.

"இன்னாபா இது? என் வூட்டு மாடில இன்னா பொணமா வுழுந்துகீது? இத்தினி பேரு ஏறிகினு போறீங்கோ, படி இட்ஞ்சி வுழுந்தா யார் கட்டிக் குட்ப்பா?"

குழு வெப்பத்தை அளந்தது, ஈரத்தை அளந்தது, ஜன்னலை அளந்தது. செல்வமேரியின் மூக்கருகே ஒரு கருவியைப் பிடித்து எதையோ குறித்துக்கொண்டது. அவள் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு விடுங்கம்மா, இயல்பா விடுங்க" என்றார் டாக்டர் ஏகநாதன் கனிவாக.

உத்தரவு இரண்டு பக்கமாக வந்தது. முதல் பக்கத்தில், சிட்லபாக்கம் மனை முழுவதுமாக விடுவிக்கப்படுவதாகவும், மரம் ஆணையத்தின் குறிப்பில் இருக்கும்வரை அதை வெட்டாமல் பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஜீவரத்தினம் படிக்கட்டிலேயே நின்று அதைப் படித்தார். ஒன்றேகால் வருஷம் கழித்துக் கிடைத்துவிட்டது. "மேரி, கிடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறினார். ஏறி முடிப்பதற்குள் இரண்டாம் பக்கத்தோடு டாக்டர் ஏகநாதனே பின்னால் ஏறி வந்துவிட்டார்.

அதை அறையில் நின்று அவரே வாசித்து விளக்கினார். "இப்ப உலகத்துல இந்த இனம் இந்த அறையில மட்டும்தான் இருக்கு. அதனால இங்க உள்ள எதையும் இடம் மாத்தக் கூடாது. பாட்டில், டின், ஜன்னல் திரை, கட்டில், நோயாளி."

"நோயாளியா?"

"எங்க ஆய்வுப்படி பூச்சி இவங்க மூச்சுக்காத்தோட ஈரத்துலதான் வளர்ந்திருக்கு. ஆக, இவங்களும் அதோட சூழல்ல ஒரு பகுதி. உங்க மிஸஸுக்கு இது பெரிய கௌரவம்."

"சார், வீடு கட்டறதே இவளுக்காகத்தான்."

"தாராளமா கட்டுங்க. நீங்க போய்க் குடியிருங்க. உங்கள யாரும் தடுக்கல."

செல்வமேரி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பூச்சி செத்துப்போச்சுன்னா?"

"செத்தா நிரந்தரப் பாதுகாப்பும்மா" என்றார் அவர், ஆறுதலாக.

படிக்கட்டின் அடியில் ஸ்டூல் போட்டு ஜெயவேலு என்ற காவலாளியை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். ஜீவரத்தினம் சமையல் மூலையில் நின்று யோசித்தார். பூச்சி உயிரோடு இருந்தால் அவளை இறக்க முடியாது. செத்தால் எப்போதும் இறக்க முடியாது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவள் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். வடித்த கஞ்சி தரையில் வழிந்து ஓடியதை அவர் கவனிக்கவில்லை. அப்படியே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னங்க" என்று செல்வமேரி கூப்பிட்டாள். "எனக்கு ஒரு தடவ மண்ணுல கால் வெச்சா போதுங்க. அப்பறம் ஜெயில்ல போட்டாலும் பரவால்ல."

விடிந்ததும் அவர் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவள் இடது கையால் பாட்டிலை அணைத்துக்கொண்டாள். சுவரோடு சுவராகத் தோளை உரசிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் இரண்டு தடவை மடிந்து நிமிர்ந்தது. கீழே ஜெயவேலு எழுந்து நின்றார்.

"சார், சார், இன்னா சார் இது? பர்மிசன் கீதா?"

"நோயாளி சூழல்ல ஒரு பகுதின்னு எழுதியிருக்காங்க இல்ல? பூச்சி எங்கயோ அங்க இவ இருக்கணும். பூச்சி போகுது. இவளும் கூடப் போறா."

ஜெயவேலு இதைப் பற்றி யோசித்தார். மேலிடத்து உத்தரவைக் காட்டிலும் இது கொஞ்சம் புரிகிற மாதிரிதான் இருந்தது. அதற்குள் ஜீவரத்தினத்தின் கால் மறுபடி மடிந்தது.

"வுய்ந்துறப் போற சார். அக்காவ இந்தாண்ட குடு. நானும் ஒரு கை புடிக்கறேன்."

தாயாரம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து ஆட்டோவை நிறுத்தினாள். வீட்டிலிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து ஆட்டோவின் பின்னால் கட்டினாள். காவல் காக்க வேண்டியதே கிளம்பிப் போவதால் ஜெயவேலுவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். "போய்ட்டு வாம்மா. இந்த வண்டு பேஜார்ல என் வூட்டுக்கும் ஒரு போர்டு மாட்டிட்டானுங்கோ, அத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஒதியமரம் மருந்தையும் சுண்ணாம்பையும் தாங்கிக்கொண்டு பச்சையாகத்தான் நின்றது. கிளைகளில் புதுத் துளிர்கள் விட்டிருந்தன. மரத்தடியில் நாற்காலி போட்டு செல்வமேரியை உட்கார வைத்தார். அவள் இரண்டு பாதத்தையும் மண்ணில் பதித்தாள். வலது பாதத்தை அவர்தான் எடுத்து வைத்தார். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில்லுன்னு இருக்குங்க" என்றாள். "எடது காலுலதான். சோத்தாங்காலுல ஒண்ணும் தெரியல."

அவர் பாட்டிலின் துணியை அவிழ்த்துக் கிளையருகே பிடித்தார். அந்தோணி கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தளிரில் ஏறினான். பின்னாலேயே அவன் சம்சாரமும் ஏறினாள்.

ஜீப் பகல் வேளையில் வந்தது. டாக்டர் ஏகநாதன் இறங்கி, இலையில் இருந்த வண்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அவர் கோபப்படவே இல்லை. ஜீப்பின் பானட்டில் காகிதத்தை வைத்து நின்றபடியே ஒரு புது உத்தரவு எழுதினார்.

"சூழல் இடம் பெயர்ந்துருச்சு. இது விஞ்ஞானத்துல ஒரு அபூர்வம். ஆகவே இன்றுமுதல் மரம், மண், நாற்காலி, நோயாளி எதையும் இங்கிருந்து நகர்த்தக் கூடாது. மனை விடுவிப்பு ரத்து. கட்டுமானம் எதுவும் கூடாது."

ஜெயவேலுவே கழி நட்டுக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. மரத்தையும் நாற்காலியையும் சுற்றிக் கட்டினார். கட்டும்போது செல்வமேரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஏரிக்கு மேலே மேகம் கறுத்து, முதல் தூறல் விழுந்தது.

"சார், மழை வருது" என்றார் ஜீவரத்தினம்.

"மழை இயற்கையானது. அதுக்கு அனுமதி உண்டு."

"மேல ஒரு கூரையாவது போட்டுக்கறேன் சார். ஓலைதான்."

"கூரை கட்டுமானத்துல வரும்."

ஜீவரத்தினம் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், மனைவிக்குப் பக்கத்தில் நின்று குடையை விரித்தார். டாக்டர் ஏகநாதன் ஜீப்பில் ஏறப்போனவர் நின்று, குடையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார்.

"இது தற்காலிக ஏற்பாடுதானே?"

"ஆமா சார்."

"எவ்வளவு நாளைக்கு?"

ஜீவரத்தினம் செல்வமேரியைப் பார்த்தார். அவள் இடது காலை மட்டும் ஈரமண்ணில் மெல்ல முன்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் வரவில்லை. மறுபடி தள்ளினாள்.

"தெரியலைங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.